இரண்டாம் இடத்துக் கால்கள்

எங்கள் மொந்தெகார்வோ நகரசபையின் குறிப்பேட்டை இருபத்திரண்டு வருஷமாக எழுதிவருகிறவன் நான். எனக்கு ஒரு பெயர் உண்டு, பாவுஸ்தோ என்று. சபையில் யாரும் அதை உபயோகித்ததில்லை. "எழுதிக்கோ" என்பார்கள். எழுதிக்கொள்வேன்.

1911 மே மாதம் எங்கள் மேயர் ப்ரோஸ்பெரோ, மலைக்கு அந்தப் பக்கம் பிரான்சில் இருக்கிற சேன் தோர்வாங் ஊருக்கு ஒரு சிலைத் திறப்பு விழாவுக்குப் போனார். அங்கே வாத்துக்கறி உட்பட ஆறு வகைப் பதார்த்தங்கள் பரிமாறினார்களாம். திரும்பி வந்தவர் மூன்று நாள் எதையும் தொடவில்லை. டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வாத்துதான் காரணம் என்றார். நான்காம் நாள் மேயர் சபையைக் கூட்டினார். காரணம் வாத்து இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"கனவான்களே," என்று ஆரம்பித்தார். "பொறாமை என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அது சிறிய ஊர்களைப் பிடிக்கும் வியாதி. ஆனால் மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர்! முழுக்க வெண்கலம்! ஒரு சைக்கிள் வீரனுக்கு! அவன் அந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தான் தெரியுமா? மூன்றாவது! மூன்றாவது வந்தவன் அங்கே வெண்கலத்தில் நிற்கிறான். முதலாவது வந்த நம் மாவீரன் ஒத்தாவியோ இங்கே காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். இதை வரலாறு பொறுக்குமா? வரலாறு பொறுத்தாலும் நான் பொறுக்க மாட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் சொன்ன பந்தயம் 1908-ல் நடந்த மூன்று கணவாய்ப் பந்தயம். இத்தாலியில் தொடங்கி, பிரான்சுக்குள் புகுந்து, திரும்பவும் இத்தாலியில் முடிகிற இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். எங்கள் ஒத்தாவியோ முதலாவது. சேன் தோர்வாங்கின் ஒனோரே மூன்றாவது. இரண்டாவதாக வந்தது யார் என்று அன்றைய கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் குறிப்பு எழுதுகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது சபையின் பதினான்காவது விதி.

இரண்டாவதாக வந்தவர் எவாரிஸ்தோ, எங்கள் ஊர்த் தபால்காரர். என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். பந்தயத்தில் அரைச் சக்கர அளவில் தோற்றவர். அரைச் சக்கரம் என்பது எவ்வளவு பெரியது என்று மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் தன் முன்சக்கரத்தைப் பார்த்தபடிதான் மிதித்தார்.

ஜெயித்த ஒத்தாவியோவுக்குத் தோரினோவிலிருந்தும் மிலானோவிலிருந்தும் பெண்கள் கடிதம் எழுதுவார்கள். வாசனை தடவிய இளஞ்சிவப்பு உறைகள். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது எவாரிஸ்தோவின் வேலை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கடிதத்தை, ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தார். அந்த வாரமே பாதிரியாரிடம் போய்ப் பாவமன்னிப்புக் கேட்டார். "பொறாமையா?" என்று பாதிரியார் கேட்டாராம். "இல்லை சாமி, டயர் பஞ்சர்" என்றாராம். பொய் சொன்னதற்கு மறுவாரம் இன்னொரு பாவமன்னிப்பு.

சிலைக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். மேயர், டாக்டர், மருந்துக் கடைக்காரர், லத்தீன் வாத்தியார். நான் குறிப்பு. சேன் தோர்வாங்காரர்கள் இத்தாலியச் சிற்பியை வைத்துச் செய்திருந்ததால், அவர்கள் வயிறெரிய நாம் பிரெஞ்சுச் சிற்பியைக் கூப்பிட வேண்டும் என்று முதல் தீர்மானம். பாரிசிலிருந்து முஸ்யே ரூபோ என்பவர் வந்து இறங்கினார். தாடியும் வெல்வெட் கோட்டுமாக இருப்பார். பாரிசில் இவரோடு படித்தவர் ஒருவருக்கு ஏதோ பதக்கம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து ரூபோ சாப்பாட்டில் உப்புச் சேர்ப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். பதக்கத்துக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு என்று கமிட்டி கேட்கவில்லை. கலைஞர்.

முதல் நாளே ரூபோவை ஒத்தாவியோவின் காப்பிக் கடைக்கு அழைத்துப்போனார்கள். ஜெயித்த மூன்று வருஷத்தில் ஒத்தாவியோ நூற்றுப் பன்னிரண்டு கிலோ ஆகியிருந்தார். டயர் கம்பெனி விளம்பரம், மதுபான விளம்பரம், மூன்று வேளையும் நண்பர்களோடு விருந்து. பழைய பந்தய சைக்கிளை எடுத்து வந்து ஏறச் சொன்னார்கள். ஏறினார். பின் டயர் வெடித்தது. ரூபோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதார்.

மறுவாரம் எவாரிஸ்தோ தபால் பையைப் பிரித்துக் கடிதங்களை அடுக்கும்போது அவர் பெயருக்கே ஒரு கடிதம் இருந்தது. நகரசபை முத்திரை. அவர் விதிப்படி நடக்கிறவர். அங்கேயே பிரிக்கவில்லை. வழக்கமான சுற்றில் எல்லா வீடும் முடித்து, கடைசியில் தன் வீட்டுக் கதவைத் தட்டி, மனைவி தெல்ஃபீனாவிடம் கொடுத்து, அவள் திரும்ப அவரிடம் கொடுத்த பிறகுதான் பிரித்தார்.

"மொந்தெகார்வோவின் சைக்கிள் பெருமை தொடர்பாகத் தங்கள் வருகை அவசியம். கால்களைக் கழுவிக்கொண்டு வரவும்."

தெல்ஃபீனா பட்டு ஆலையில் வேலை பார்ப்பவள். ஆலையின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவள் பேச்சு கீழ் வீட்டில் எனக்குக் கேட்கும்.

"காலைக் கழுவிட்டா? பெரிய வியாழக்கிழமைதானே கோயில்ல பன்னெண்டு பேருக்குக் கால் கழுவுவாங்க? இப்ப என்ன, நகரசபையும் ஆரம்பிச்சிருச்சா?"

"சைக்கிள் பெருமைன்னு போட்டிருக்கு பாரு, தெல்ஃபீனா. மூணு வருஷம் கழிச்சாவது ஞாபகம் வந்திருக்கு."

"உன்னையா?"

"ரெண்டாவதா வந்தவனும் இந்த ஊர்க்காரன்தானேன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. சிலைக்குக் கீழே சின்னதா ஒரு பலகை வெப்பாங்களோ என்னவோ."

அவள் கல்யாணத்துக்கு வாங்கிய, கழற்றி மாட்டும் சட்டைக் காலரை எடுத்து இஸ்திரி போட்டாள்.

கமிட்டி அறையில் அந்தக் காலரை யாரும் பார்க்கவில்லை.

"பேண்ட்டை முட்டிக்கு மேல தூக்குங்க," என்றார் டாக்டர்.

எவாரிஸ்தோ திருதிருவென்று விழித்தார். "எதுக்குங்க?"

"எழுதிக்கோ," என்றார் மேயர் என்னிடம். "எதுக்கு என்று கேட்டார்."

தூக்கினார். பதினைந்து வருஷம் தபால் பையோடு மலைப் பாதையில் மிதித்த கால்கள். ரூபோ நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக அருகே போய், தரையில் மண்டியிட்டு, வலது கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார்.

"இதோ! இதோ சாம்பியன்!"

"நான் சாம்பியன் இல்லீங்க," என்றார் எவாரிஸ்தோ. "ரெண்டாவது."

"அது காலுக்குத் தெரியாது," என்றார் லத்தீன் வாத்தியார்.

மேயர் எழுந்து நின்றார். பேசப்போகிறார் என்றால் அவர் இடுப்புப் பட்டியைச் சரிசெய்வார். "எவாரிஸ்தோ அவர்களே! தங்களிடம் இந்நகரம் ஒரு தியாகத்தை வேண்டுகிறது. ஒத்தாவியோவின் புகழுக்குக் குறைவில்லை. அதைத் தாங்கக் கால்கள்தான் இல்லை. தங்களிடம் கால்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் வைக்கப் புகழ் இல்லை. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நல்லாட்சி."

பிறகு ஒப்பந்தத்தை நான் வாசித்தேன். மொத்தம் பதினோரு விதிகள். இரண்டாவது விதி, மேற்படி கால்கள் இன்னாருடையவை என்று அவற்றின் உரிமையாளர் எங்கும் சொல்லக் கூடாது. ஏழாவது விதி, மேற்படி கால்கள் பூமியின் வேறெந்தச் சிலையிலும் இடம்பெறக் கூடாது. ஒன்பதாவது விதி, மேற்படி கால்களை நாய் கடிப்பதாக இருந்தால், எட்டு நாள் முன்னதாகக் கமிட்டிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

எவாரிஸ்தோ கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாயந்திரம் மாடியிலிருந்து கேட்டது:

"என் காலு, அவன் பேரா? அவன் ஜெயிச்சதுக்கு நான் நிக்கணுமா? செத்தாலும் மாட்டேன்."

"சரி, மாட்டேன்னு சொல்லிரு," என்றாள் தெல்ஃபீனா. சட்டியில் சோளக்களி கிண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "சொன்னா, அவங்க வேற எவன் காலையாவது பிடிப்பாங்க. கசாப்புக் கடை லோதோவிகோ காலும் நல்லாத்தான் இருக்கு. தினமும் சதுக்கத்து வழியா நீ தபால் கொண்டு போகணும். அங்க லோதோவிகோ காலு நிக்கும். அப்புறம் நீ ஒத்தாவியோவைப் பார்த்து ஒரு தடவை, லோதோவிகோவைப் பார்த்து ஒரு தடவைன்னு ரெண்டு பொறாமைப்படணும். உனக்குத் தாங்காதுய்யா."

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் மாகாணத் தபால் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரரின் கால்கள் பணி நேரத்தில் தபால் இலாகாவின் உபகரணங்கள், முன் அனுமதியின்றி அவற்றைச் சிலையாக்க முடியாது என்று. கமிட்டி பதில் எழுதியது: பணி நேரம் தவிர்த்த மற்ற நேரத்துக் கால்களைத்தான் சிலையாக்குகிறோம். அவர்கள் கேட்டார்கள்: இரண்டும் வேறு வேறு என்பதற்கு மருத்துவச் சான்று உண்டா? டாக்டர் கொடுத்தார். காலை ஏழு முதல் இரண்டு வரையிலான கால்கள், இரண்டுக்குப் பிறகான கால்கள் என்று தனித்தனியாக அளந்து இரண்டு சான்றிதழ்கள். அலுவலகம் திருப்தியடைந்தது. அந்தக் கடிதங்களையெல்லாம் கொண்டு வந்ததும் கொண்டு போனதும் எவாரிஸ்தோதான்.

பழைய மீன் சந்தைக் கட்டடத்தில் வேலை ஆரம்பமானது. ஆணியடித்து நிறுத்திய சைக்கிளின் மேல் எவாரிஸ்தோ தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ரூபோ களிமண்ணை அப்புவார். கால்கள் முடிந்ததும் அவற்றின் மேல் ஒத்தாவியோவின் இடுப்பை வைத்துப் பார்த்தார்கள். விளக்குத் தண்டில் பூசணிக்காயைச் செருகியது போல் இருந்தது. ஆகவே இடுப்பும் எவாரிஸ்தோவுடையது ஆனது. பிறகு முதுகு, தோள், கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஒப்பந்தம். ஆகஸ்ட் மாதத்துக்குள் கழுத்து வரைக்கும் ஒத்தாவியோ என்பவர் எவாரிஸ்தோவாக இருந்தார்.

ஒருநாள் ஒத்தாவியோ வந்தார். கையில் ஒரு முழு சலாமித் தொத்திறைச்சி. எப்போதும் போல இரைச்சல்.

"டேய் எவாரிஸ்தோ! என்னடா, என்னை மாதிரி உட்காரக் கத்துக்கிட்டியா?"

களிமண் சிலையைப் பார்த்தார். மெல்லுவது நின்றது. சுற்றி வந்தார். முட்டிக்குப் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"என் காலு இப்படித்தான் இருந்துச்சு," என்றார் மெதுவாக.

"இல்ல," என்றார் சைக்கிள் மேலிருந்த எவாரிஸ்தோ. அவர் அசையக் கூடாது என்பதால் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "உன் கெண்டைக்கால் குட்டை."

"குட்டையா? அந்தக் குட்டைக் காலாலதாண்டா உன்னைத் தோக்கடிச்சேன்!"

"கால் இல்ல, உன் அதிர்ஷ்டம் நீளம்."

"அசையாதீங்க!" என்று கத்தினார் ரூபோ. "கோபத்துல தொடை அருமையா வருது!"

ஒத்தாவியோ பாதி சலாமியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அவர் உணவை மிச்சம் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து எவாரிஸ்தோ விடியற்காலைச் சுற்றில் கணவாய்ப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, வளைவில் ஒரு சைக்கிள் கிடந்தது. பக்கத்தில் ஒத்தாவியோ பள்ளத்தில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். எவாரிஸ்தோ நிற்கவில்லை. அன்று முழுக்க அவர் சீட்டியடித்துக்கொண்டு தபால் கொடுத்ததை ஊரே கேட்டது. அடுத்த வாரமும் அதே வளைவு, அதே வாந்தி. அதற்கடுத்த வாரம் ஒரு வளைவு தள்ளி. வசந்தம் வந்தபோது, தபால் பையோடு ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருந்த எவாரிஸ்தோவை யாரோ பின்னாலிருந்து தாண்டிப் போனார்கள். எண்பது கிலோ ஒத்தாவியோ. தலையைக்கூடத் திருப்பவில்லை.

அன்று சீட்டி கேட்கவில்லை. மாடியில் தெல்ஃபீனாதான் கேட்டாள்: "ஏன்யா மூஞ்சி இப்படி இருக்கு?" அதற்கு அவர், "பையில கனமான பார்சல்," என்றார்.

ஒத்தாவியோ நேராகக் கமிட்டியிடம் வந்தார். கன்னம் ஒட்டி, கண்கள் பளபளத்தன. பேண்ட்டை அவரே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. என் காலு திரும்பி வந்துருச்சு. என் சிலைக்கு என் காலையே வெச்சிருங்க."

மேயர் இடுப்புப் பட்டியைச் சரிசெய்தார். "ஒத்தாவியோ அவர்களே! தங்களை கௌரவிப்பது என்று நகரசபை முடிவு செய்து பத்து மாதமாகிறது. அதில் தாங்கள் குறுக்கிடுவது முறையல்ல."

"என் சிலைங்க அது!"

"தங்களுடையது என்று யார் சொன்னது? தாங்கள் வெறும் காரணம். சிலை நகரத்தினுடையது." பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ. வீரர் உணர்ச்சிவசப்பட்டு நன்றி தெரிவித்தார்."

எழுதிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது தலை. ஒத்தாவியோவின் பழைய முகத்தை வைத்து ரூபோ செய்திருந்தார், இரட்டை நாடியோடு. இப்போது அவர் முகமே மாறிவிட்டதால் எது அசல் என்று குழப்பம். தலையை வாக்கெடுப்பில் தீர்மானிப்பது என்று கமிட்டி முடிவெடுத்தது. நெற்றி ரோமானியப் படைத்தலைவனுடையதாக இருக்க வேண்டும் என்றார் லத்தீன் வாத்தியார். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. மீசைக்கு மருந்துக் கடைக்காரர் தன் மீசையைத் தர முன்வந்தார். ஏகமனதாக ஏற்பு. மூக்கு விஷயம் வந்தபோது மேயர், தாம் தலைமை வகிப்பதால் இதில் கலந்துகொள்வது நியாயமாகாது என்று சொல்லி ஜன்னலோரம் போய்ப் பக்கவாட்டில் நின்றார். வெளிச்சம் மூக்கில் நன்றாக விழுந்தது. கமிட்டிக்கு வேறு வழி இருக்கவில்லை.

1912 செப்டம்பரில் திறப்பு விழா. சதுக்கம் முழுக்கக் கொடி, பேண்டு வாத்தியம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேயர் பெர்த்துலே, ஒனோரேயோடு வந்திருந்தார். ஒனோரே மூன்றாவதாக வந்தவர் என்பதை அவரே மறந்துவிட்டார் போல அவ்வளவு நிமிர்ந்து நடந்தார். எவாரிஸ்தோ கூட்டத்தின் பின்வரிசையில் தபால் சீருடையில் நின்றார். பக்கத்தில் தெல்ஃபீனா. முன்வரிசையில் ஒத்தாவியோ.

துணி விலகியது. ஊர் மூச்சை இழுத்தது. ஒரு பெண் உரக்கக் கேட்டாள்: "நம்ம மேயர் எப்ப சைக்கிள் ஓட்டினாரு?"

"காலைப் பாருடி, மூஞ்சியை விடு," என்றாள் தெல்ஃபீனா. இரண்டாவது விதி கால்களின் உரிமையாளரை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. "தினமும் அந்தக் காலுக்கு நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன்."

எவாரிஸ்தோ அவள் கையைப் பிடித்து அமுக்கினார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சிலையை அல்ல, முன்வரிசையை. கூட்டம் ஒத்தாவியோவைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தது. ஒத்தாவியோவோ தோள்மேல் உட்கார்ந்தபடி அந்த வெண்கலக் கெண்டைக்காலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு மேயர் பெர்த்துலே பையிலிருந்து ஒரு மடக்கு அளவுகோலை எடுத்து, யாரையும் கேட்காமல் பீடத்தில் ஏறி அளந்தார். "மூன்று மீட்டர் இருபத்தைந்து," என்று அறிவித்தார். எங்கள் மேயர் முகம் மலர்ந்தது. பெர்த்துலே இறங்கி மேடைக்கு வந்தார்.

"அன்பார்ந்த அண்டை ஊராரே! தங்கள் உயரத்தைப் பாராட்டுகிறேன். எமக்குப் பொறாமை கிடையாது. பிரெஞ்சுக்காரனுக்கு அந்த உறுப்பே படைக்கப்படவில்லை. ஆனால் ஒரு துயரச் செய்தி எம் காதுக்கு எட்டியது. அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்த மாவீரனுக்கு அவன் பிறந்த மண்ணில் ஒரு செங்கல்கூட இல்லையாம்! முதலாவது, மூன்றாவது, நடுவில் வெற்றிடம்! நாகரிகம் அடைந்த நாடு இதைச் சகிக்காது. ஆகவே திருவாளர் எவாரிஸ்தோவுக்கு எங்கள் ஊரில், எங்கள் சதுக்கத்தில், மூன்று மீட்டர் ஐம்பதில் சிலை வைப்போம்!"

எங்கள் மேயர் குனிந்து என் காதில் கேட்டார். "யாருய்யா அது எவாரிஸ்தோ?"

"நம்ம தபால்காரருங்க."

"காலு குடுத்தாரே, அவரா?" அவர் முகம் வெளுத்தது. "அவர் ரெண்டாவதா வந்தாரா? இதை ஏன்யா எனக்கு யாரும் சொல்லல?"

கமிட்டி அறையில் எவாரிஸ்தோவே சொன்னதை விட்டுவிட்டு, பதினான்காவது விதியை மட்டும் நினைவுபடுத்தினேன்.

மறுநாள் அவசரக் கூட்டம். எங்கள் இரண்டாவது ஆளை அந்நியர் எடுத்துக்கொள்வதா என்று மேயர் மேஜையைக் குத்தினார். நம் ஊரிலேயே எவாரிஸ்தோவுக்குச் சிலை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வைத்தால் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடும் என்று நிராகரிக்கப்பட்டது. கடைசியில் ஒப்பந்தத்தின் ஏழாவது விதி கைகொடுத்தது. எவாரிஸ்தோவின் பெயரையும் புகழையும் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். கால், இடுப்பு, முதுகு, கைகளைத் தொடக் கூடாது. ரூபோ மூலமாகச் சொல்லியனுப்பினார்கள், ஏனென்றால் அந்தச் சிலையையும் பிரெஞ்சுக்காரர்கள் ரூபோவிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

செய்தி கேட்ட எவாரிஸ்தோ இரண்டு நாள் தபால் சுற்று முடிந்ததும் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தார். மூன்றாம் நாள் ரூபோ வந்தார். கூடவே ஒத்தாவியோ. எவாரிஸ்தோ படியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"உன் சிலைக்குக் காலு நான் தரேண்டா," என்றார் ஒத்தாவியோ.

"நீயா?"

"எங்கயாவது என் காலு நிக்கணும்டா. பேரு எவனோடதா இருந்தா என்ன?" தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மீன் சந்தையில உன் காலைப் பார்த்தேனே, அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. என் சிலைக்கு முன்னாடி எல்லாரும் என்னைத் தூக்கினாங்க. நான் உன் காலைப் பார்த்து வயிறெரிஞ்சிக்கிட்டு இருந்தேன்."

எவாரிஸ்தோ எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூன்று வருஷமாக, நான்கு வருஷமாக அவர் வைத்திருந்த பொறாமை அவருடைய சொந்தச் சொத்து. அதே சரக்கு எதிர்க் கடையிலும் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. உள்ளே ஏதோ இளகியது போலிருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் அப்போது வாயில் வந்தது வேறு.

"உன் காலு குட்டைடா. என் சிலை கேவலமாப் போயிரும்."

"மூணரை மீட்டர்ல எல்லாக் காலும் நெட்டைதான்," என்றார் ரூபோ.

அடுத்த ஜூன் மாதம் சேன் தோர்வாங்கில் திறப்பு விழா. எங்கள் நகரசபை கலந்துகொள்வதில்லை என்று தீர்மானித்து, பிறகு விருந்தின் பட்டியல் வந்ததும் கலந்துகொள்வது என்று தீர்மானித்தது. ஒரு பெரிய மோட்டார் வண்டி பிடித்தார்கள், பதினெட்டு இருக்கை. மேயர், மனைவி, மனைவியின் மூன்று தங்கைகள், அவர்கள் கணவர்கள், கமிட்டி, அவரவர் குடும்பம், நான். சிலைக்குரிய எவாரிஸ்தோவுக்கும் கால் கொடுத்த ஒத்தாவியோவுக்கும் இடமில்லை என்பது வண்டி கிளம்பும்போதுதான் தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சைக்கிள்காரங்கதானே," என்றார் மேயர் ஜன்னல் வழியாக. "ஒன்பது மணிக்கே கிளம்பினா பதினோரு மணிப் பேச்சுக்கு வந்துரலாம்."

கிளம்பினார்கள். தெல்ஃபீனா வாசலில் நின்று கத்தினாள்: "யோவ், அவனோட போட்டி போடாதே! உன் விழாய்யா அது! சட்டையெல்லாம் வேர்வையாக்கிட்டு மேடையில நிக்காதே!"

விழா வெகு சிறப்பாக நடந்தது. நான் நேரில் பார்த்தேன். பேண்டு வாசித்தது. துணி விலகியது. சிலையின் முகம் பெர்த்துலேயின் மாமனார் முகம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பெர்த்துலே ஒன்றரை மணி நேரம் பேசினார். எங்கள் மேயர், யாரும் கேட்காமலேயே, ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். இருவரும் எவாரிஸ்தோவை நோக்கிக் கை நீட்டிப் பேசினார்கள். அவர்கள் கை நீட்டிய நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியும் காலி. அங்கிருந்த நானூறு பேரில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. வீரருக்கென்று வைத்திருந்த பதக்கத்தை ரூபோவுக்கு அணிவித்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை. விருந்தில் அவர் சூப்பில் உப்புப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

"எழுதிக்கோ," என்றார் மேயர், வாயில் வாத்துக்கறியோடு. "இரு வீரர்களும் கண்ணீர் மல்க வீற்றிருந்தனர்."

எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது மணி நாலு இருக்கும். வண்டி முனகிக்கொண்டு கணவாயின் உச்சியை நெருங்கியது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் கீழே, பனி இன்னும் ஒதுங்கிக் கிடந்த வளைவில், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேர் சைக்கிளில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். விழாச் சட்டைகள் முதுகில் ஒட்டிக் கிடந்தன. தோளோடு தோள், ஒருவரும் மற்றவருக்கு ஒரு விரலளவு விட்டுக்கொடுக்கவில்லை.

உச்சியில் வண்டி நின்றது. சுங்க அதிகாரி சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"உங்க ஊர்க்காரங்களா? காலையிலேர்ந்து இதான் வேலை. மேல வந்து சேர்றாங்க, யாரு முந்தின்னு சண்டை போடுறாங்க. என்னைக் கேட்டாங்க, நான் முத்திரை குத்திக்கிட்டு இருந்தேன், பார்க்கலன்னேன். அதுக்கு என்னையும் திட்டிட்டு, ஒரு தடவை அந்தப் பக்கம், ஒரு தடவை இந்தப் பக்கம்னு கீழ போய் முதல்லேர்ந்து ஏறுறாங்க. இது அஞ்சாவது தடவை."

பின்னால் வளைவிலிருந்து குரல்கள் கேட்டன. "தள்ளுடா குட்டைக் காலா!" "மூச்சு வாங்குதா தபாலு? பையை நான் தூக்கட்டுமா?" அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்களா, இருமினார்களா என்று சரியாகத் தெரியவில்லை.

மேயர் கண்ணைத் திறக்காமல், "யாருய்யா அது?" என்று கேட்டார்.

"யாருமில்லீங்க," என்றேன்.

மடியில் குறிப்பேடு இருந்தது, மூன்று மணி பதினைந்து நிமிஷப் பேச்சோடு. என் கால்களைக் குனிந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக மேஜைக்கு அடியில் இருந்த கால்கள். சபையில் எத்தனையோ பேர் பொறாமைப்பட்டதை வரிவிடாமல் எழுதியிருக்கிறேன், எனக்கு என்று ஒருநாளும் வந்ததில்லை. அன்று வந்தது. வண்டி இறக்கத்தில் உருள ஆரம்பித்த பிறகும் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.